வாசகர் கேள்வி – பதில்: வயதான விண்கலங்களை ஓட வைப்பது எப்படி?

நாசாவின் வாயேஜர் 2 விண்கலம் கிளம்பியது 1977 ஆகஸ்ட் 20. வாயேஜர் 1 கிளம்பியது அதே ஆண்டு செப்டம்பர் 5. இரண்டும் இன்றும் பூமியோடு பேசுகின்றன என்று சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு, கையால் தொட முடியாத ஒரு பழைய எந்திரத்தை எப்படிப் பழுது பார்க்கிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

அணுசக்தியில் ஓடும் கலத்துக்கு மின்சாரம் ஏன் குறைகிறது? எதை முதலில் அணைப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?
– மின்வாரிய ஊழியர், விருதுநகர்

அதில் இருப்பது அணு உலை அல்ல. புளூட்டோனியம்-238 தானாகச் சிதையும்போது சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டை சிலிக்கான்-ஜெர்மேனிய இணைப்புகள் நேராக மின்சாரமாக மாற்றுகின்றன. ஒவ்வொரு வாயேஜரிலும் இப்படி மூன்று மின்கலன்கள். கிளம்பிய நாளில் மூன்றும் சேர்ந்து சுமார் 470 வாட் கொடுத்தன. புளூட்டோனியம்-238-இன் அரைவாழ்வு 87.7 ஆண்டு. அதை மட்டும் கணக்கில் எடுத்தால் 48 ஆண்டு கழித்தும் 68 விழுக்காடு மிஞ்சியிருக்க வேண்டும். கிடைப்பதோ பாதிக்கும் கீழே. சூட்டை மின்சாரமாக்கும் இணைப்புகளும் தேய்ந்துவிட்டதுதான் காரணம். இப்போது ஆண்டுக்குச் சுமார் 4 வாட் இழப்பு.

அணைக்கும் வரிசையில் முதலில் போனவை கேமராக்கள். 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 கடைசிப் படங்களை எடுத்தது. அதன் பிறகு படம் எடுக்க அங்கே எதுவும் இல்லை. அடுத்து ஹீட்டர்கள். 2011 இறுதியில் வாயேஜர் 1-இன் புறஊதாக் கருவிக்கான ஹீட்டரை அணைத்தபோது, அந்தக் கருவி மைனஸ் 79 டிகிரி செல்சியசுக்கும் கீழே போயிற்று. அது மைனஸ் 35 வரைக்கும்தான் வடிவமைக்கப்பட்டது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் தரவு கொடுத்தது. 2019-இல் வாயேஜர் 2-இன் காஸ்மிக் கதிர்க் கருவியிலும் இதே கதை: மைனஸ் 45-இல் சோதித்த பொருள், மைனஸ் 59-இல் வேலை செய்தது. இவற்றிலிருந்து குழு கற்றுக்கொண்ட பாடம் பயனுள்ளது. கருவியை அணைப்பதற்கு முன் அதன் ஹீட்டரை அணைத்துப் பார்க்கலாம். பல ஆண்டுகள் சும்மா கிடைக்கும்.

அதுவும் தீர்ந்த பிறகு, 2023-இல் வாயேஜர் 2-இல் மின்னழுத்தம் திடீரென ஏறி இறங்கினால் காப்பதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த சிறு மின்சாரத்தையும் எடுத்துக் கருவிகளுக்குக் கொடுத்தார்கள். பாதுகாப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அறிவியலை வாங்கிய முடிவு இது. 45 ஆண்டுகளாக மின்னழுத்தம் பெரும்பாலும் சீராகவே இருந்திருக்கிறது என்ற பதிவுகள் கையில் இருந்ததால்தான் அந்தத் துணிவு வந்தது. சரியான முடிவு என்றே நினைக்கிறோம்.

2024 செப்டம்பர் 26 அன்று வாயேஜர் 2-இன் பிளாஸ்மா கருவி அணைக்கப்பட்டது. ஏன் அதை முதலில்? சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களின்) எல்லையைத் தாண்டியபின், சூரியனை நோக்கியிருந்த அதன் மூன்று உணர்கிண்ணங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நான்காவது கிண்ணம் மட்டும், கலம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 360 டிகிரி உருளும்போது பயனுள்ள அளவீடு தந்தது. ஒரு வாட்டுக்கு எவ்வளவு அறிவியல் கிடைக்கிறது என்ற கணக்கில் அது பின்தங்கியது. 2025 பிப்ரவரி 25 அன்று வாயேஜர் 1-இன் காஸ்மிக் கதிர்க் கருவியும், மார்ச் 24 அன்று வாயேஜர் 2-இன் குறைஆற்றல் மின்துகள் கருவியும் ஓய்வு பெற்றன. அந்தக் கடைசிக் கருவியைச் சுழற்றும் மோட்டார் 5 லட்சம் அசைவுகளுக்குச் சோதிக்கப்பட்டது. அணைக்கும்வரை 85 லட்சம் அசைவுகளுக்கு மேல் செய்திருந்தது. அதைச் செய்தவர்களுக்கு வணக்கம் சொல்லத் தோன்றுகிறது.

2023-இல் வாயேஜர் 1-இல் ஒரு சிப் கெட்டுப்போனதாகவும், அங்கிருந்தே சரிசெய்ததாகவும் படித்தேன். சிப்பை மாற்றாமல் எப்படிச் சரியாகும்?
– கணினி பழுதுபார்ப்பவர், திருப்பூர்

சிப் இன்னும் கெட்டுப்போய்த்தான் இருக்கிறது. அதில் குடியிருந்த நிரலை வேறு இடத்துக்குக் குடிபெயர்த்தார்கள்.

ஒவ்வொரு வாயேஜரிலும் மூன்று வகைக் கணினிகள்: கட்டளைகளைக் கவனிப்பது ஒன்று, கலத்தின் திசையைக் கவனிப்பது ஒன்று, தரவைத் தொகுத்து அனுப்புவது ஒன்று. கெட்டது மூன்றாவது. அதன் நினைவகம் 8,192 சொற்கள். ஒவ்வொரு சொல்லும் 16 பிட். ஒவ்வொரு வகையிலும் இரண்டிரண்டு வைத்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் வாயேஜர் 1-இல் இந்தக் கணினியின் இரட்டை, 1980-களின் தொடக்கத்திலேயே செயலிழந்துவிட்டது. ஆக, மாற்று இல்லை.

2023 நவம்பர் 14 முதல், வாயேஜர் 1 ஒன்றும் பூஜ்யமுமாக ஒரே கோலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. சமிக்ஞை வருகிறது, பொருள் இல்லை. கட்டளைகளை அது கேட்டுக்கொள்கிறது என்பது மட்டும் தெரிந்தது. கணினியை நிறுத்தித் துவக்கிப் பார்த்தார்கள், பலனில்லை. 2024 மார்ச் 1 அன்று, நினைவகத்தின் பழுதான பகுதியைத் தாண்டி நிரலின் வேறு வரிசைகளை ஓடிப்பார்க்கத் தூண்டும் ஒரு கட்டளையை அனுப்பினார்கள். மார்ச் 3 அன்று வந்த பதில், பழைய கோலம் போல இல்லை. முறையான வடிவிலும் இல்லை. விண்கலங்களோடு பேசும் நாசாவின் ஆன்டெனாக் கூட்டமான ஆழ்விண்வெளி வலையமைப்பின் பொறியாளர் ஒருவர் அதைப் பிரித்துப் படித்தார். மார்ச் 10-க்குள் தெரிந்துவிட்டது: அந்தக் கணினியின் முழு நினைவகமும் அப்படியே வந்திருக்கிறது.

பிறகு, பழுதுக்கு முன் எடுத்து வைத்திருந்த நினைவகப் பிரதியோடு ஒப்பிட்டார்கள். சுமார் 3 விழுக்காடு சிதைந்திருந்தது. 8,192-இல் 3 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 250 சொற்கள். ஒரே ஒரு சிப்பின் பகுதி அது. விண்வெளித் துகள் ஒன்று தாக்கியிருக்கலாம், அல்லது 46 ஆண்டுத் தேய்மானமாக இருக்கலாம்.

அடுத்த சிக்கல் இடம். அந்த நிரலை மொத்தமாக வைக்க வேறெங்கும் போதிய காலியிடம் இல்லை. எனவே துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த இடுக்குகளில் வைத்தார்கள். வைத்தால் மட்டும் போதாது. துண்டுகள் ஒன்றையொன்று தேடிப் போகும்படி தாவல் முகவரிகளை மாற்ற வேண்டும். நினைவகத்தின் மற்றப் பகுதிகளில் இந்த நிரலைக் கூப்பிடும் ஒவ்வோர் இடத்தையும் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மொத்தமும் நின்றுவிடும். கலத்தின் நலம் பற்றிய தரவைத் தொகுக்கும் பகுதியை முதலில் மாற்றி, 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். போக 22.5 மணி, வர 22.5 மணி. ஏப்ரல் 20 அன்று ஐந்து மாதங்களுக்குப் பிறகு புரியும்படியான தரவு வந்தது. அறிவியல் தரவுக்கான பகுதிகளையும் நகர்த்தி, ஜூன் மாதத்துக்குள் நான்கு கருவிகளும் பழையபடி பேசின.

அந்தப் பழைய பிரதி இல்லாமல் போயிருந்தால் எது சிதைந்தது என்று கண்டுபிடித்திருக்கவே முடியாது. உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாயேஜரை இயக்க ஃபோர்ட்ரான் தெரிந்தவர்களைத் தேடுகிறார்களாமே? என் கைப்பேசிக்கு வருவது போல ஒரேயடியாகப் புது மென்பொருள் அனுப்ப முடியாதா?
– கல்லூரி மாணவி, பொள்ளாச்சி

ஃபோர்ட்ரான் பயன்பட்டது பூமியில் உள்ள கணினிகளில். கலத்தின் உள்ளே ஓடுவது அசெம்பிளி மொழி. அதுவும் அந்தக் கணினிகளுக்கென்றே செய்யப்பட்ட கட்டளைத் தொகுப்பு, வேறெங்கும் பயன்படாதது. கட்டளைக் கணினியின் நினைவகம் 4,096 சொற்கள், ஒவ்வொன்றும் 18 பிட். எல்லாக் கணினிகளையும் கூட்டினாலும் சுமார் 70 கிலோபைட்தான்.

மொழியைக் கற்பது ஒன்றும் பெரிய சிரமம் இல்லை. கொஞ்ச நாளில் வந்துவிடும். ஒரு குறிப்பிட்ட சொல் ஏன் அந்த முகவரியில் வைக்கப்பட்டது, எந்த ரிலே எந்த ஹீட்டரோடு சேர்ந்தது, 1979-இல் ஒரு திருத்தத்தை ஏன் செய்தார்கள் என்பதெல்லாம்தான் கிடைப்பது அரிது. அவை தட்டச்சுத் தாள்களிலும் ஓய்வுபெற்றவர்களின் நினைவிலும் இருக்கின்றன. கெட்டுப்போன அந்தத் தரவுக் கணினியைப் போலவே ஓடும் நகல் ஒன்று பூமியில் இல்லை. திருத்தத்தைத் தாளில் வைத்துப் பலர் வரிவரியாகச் சரிபார்ப்பதே சோதனை.

மென்பொருள் அனுப்பலாம், அனுப்பவும் செய்கிறார்கள். வேகம்தான் நொடிக்கு 16 பிட். 2022 மே மாதம் வாயேஜர் 1-இன் திசைக் கணினி உளறத் தொடங்கியது. பல ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போன ஒரு கணினி வழியாக அது தன் தகவலை அனுப்பிக்கொண்டிருந்தது என்று கண்டுபிடித்து, ஆகஸ்டில் சரியான வழிக்குத் திருப்பினார்கள். மீண்டும் நேராமலிருக்க ஒரு திருத்தம் எழுதி, 2023 அக்டோபரில் அனுப்பினார்கள். முதலில் அனுப்பியது வாயேஜர் 2-க்கு. நகல் இல்லாத இடத்தில் தங்கையை வைத்துத்தான் அக்காவுக்கு மருந்து. அதிகத் தொலைவில் இருப்பதால் வாயேஜர் 1-இன் தரவுக்கு மதிப்பு கூடுதல்.

த்ரஸ்டர் குழாய் அடைத்துக்கொள்கிறது என்றால் எதனால் அடைக்கிறது? விண்வெளியில் தூசி ஏது?
– இயந்திரவியல் ஆசிரியர், காரைக்குடி

த்ரஸ்டர் என்பது கலத்தைத் திருப்பும் சிறு உந்துபொறி. அடைப்பு உள்ளேயிருந்தே வருகிறது. ஹைட்ரசீன் எரிபொருள் தொட்டிக்குள் ஒரு ரப்பர் திரை உண்டு. அது முதிர முதிர சிலிக்கான் டைஆக்சைடு கசிந்து எரிபொருளில் கலக்கிறது. அது போய் மிகக் குறுகலான குழாய்களில் படிகிறது.

கலத்தின் ஆன்டெனா எப்போதும் பூமியையே பார்க்க வேண்டும். அதற்காக த்ரஸ்டர்கள் ஒரு நாளைக்குப் பல முறை சிறு சிறு தெறிப்புகளாக எரிகின்றன. வாயேஜர் 1-இல் திசை திருத்துவதற்கு இரண்டு தொகுதிகள், பாதை திருத்துவதற்கு ஒரு தொகுதி. முதல் தொகுதியில் அடைப்பு தெரிந்ததும் 2002-இல் இரண்டாவதுக்கு மாறினார்கள். அதுவும் அடைக்கத் தொடங்க, 2018-இல் பாதை திருத்தும் தொகுதியைத் திசை திருத்தும் வேலைக்குக் கொண்டுவந்தார்கள். 1980 நவம்பரில் சனிக்கோளோடு நின்றுபோனவை அவை. 2017 நவம்பர் 28 அன்று 10 மில்லிநொடித் தெறிப்புகளாக எரித்துச் சோதித்தபோது, 37 ஆண்டு உறக்கத்துக்குப் பிறகும் அப்படியே வேலை செய்தன.

ஆனால் அந்தக் குழாய்களும் அடைத்தன. முதலில் 0.25 மில்லிமீட்டர் இருந்த துளை 0.035 மில்லிமீட்டராயிற்று, தலைமுடியின் பாதித் தடிமன். ஆகவே 2024 ஆகஸ்ட் 27 அன்று பழைய திசைத் தொகுதி ஒன்றுக்கே திரும்பினார்கள். இங்கே ஒரு நுட்பம் கவனியுங்கள். அந்தத் தொகுதி ஆண்டுக்கணக்கில் குளிர்ந்து கிடந்தது. குளிர்ந்த நிலையில் பற்றவைத்தால் சேதமாகும். சூடேற்ற மின்சாரம் வேண்டும், உபரி மின்சாரம் இல்லை. கருவிகளை அணைத்தால் அவை திரும்ப உயிர்பெறாமல் போகலாம். கடைசியில் கலத்தின் முக்கிய ஹீட்டர்களில் ஒன்றை ஒரு மணிநேரம் மட்டும் அணைத்து, அந்த மின்சாரத்தில் த்ரஸ்டர் ஹீட்டரை ஓட்டினார்கள்.

2025 மார்ச் 20 அன்று செய்தது இதைவிடத் துணிவானது. உருளலைக் கட்டுப்படுத்தும் முதன்மை த்ரஸ்டர்கள், அவற்றின் இரண்டு சிறு ஹீட்டர்களுக்கு மின்சாரம் நின்றுபோனதால் 2004 முதல் கைவிடப்பட்டிருந்தன. ஹீட்டரே எரிந்துபோனதாக அன்று முடிவு கட்டினார்கள். 2025-இல் ஒருவர் வேறு மாதிரி யோசித்தார்: மின்சுற்றில் ஏற்பட்ட ஏதோ தடுமாற்றத்தால் ஒரு ஸ்விட்ச் தவறான பக்கம் போயிருந்தால்? ஸ்விட்சைத் திருப்ப வேண்டுமானால், த்ரஸ்டர்களை முதலில் இயக்க நிலையில் வைக்க வேண்டும். அந்த இடைவெளியில் கலம் தன் வழிகாட்டி விண்மீனிலிருந்து அதிகம் விலகினால், குளிர்ந்த த்ரஸ்டர்கள் தாமே எரிந்து சிறு வெடிப்பு நேரலாம். திசையை மிகத் துல்லியமாக நிறுத்திவைத்துக் கட்டளையை அனுப்பினார்கள். பதில் வந்த 20 நிமிடத்துக்குள் ஹீட்டரின் வெப்பநிலை ஏறுவது தெரிந்தது. 21 ஆண்டுகளாகச் செத்ததாக எழுதப்பட்ட உறுப்பு உயிரோடுதான் இருந்திருக்கிறது.

வாயேஜர் 2-க்குக் காது கேட்காது என்கிறார்களே, உண்மையா?
– வானொலி நேயர், யாழ்ப்பாணம்

ஒரு காது முழுச் செவிடு, மறு காது அரைச் செவிடு. 1978 ஏப்ரலில், கலத்துக்கு ஒரு வாரமாகக் கட்டளை போகவில்லை. அப்படி நேர்ந்தால் ரிசீவர் கெட்டுவிட்டது என்று கருதி மாற்று ரிசீவருக்குத் தாவும்படி அதன் நிரல். தாவியது. மாற்று ரிசீவரில் அலைவரிசையைத் தானே தொடர்ந்து பிடிக்கும் மின்சுற்றின் கெபாசிட்டர் கெட்டிருந்தது. பிறகு முதல் ரிசீவருக்குத் திரும்பியபோது அது அரை மணிநேரத்தில் முழுவதும் எரிந்துபோயிற்று. மீண்டும் ஒரு வாரம் காத்திருந்து, அரைச் செவிட்டு ரிசீவரோடு பேசக் கற்றுக்கொண்டார்கள்.

அது கேட்கும் சாளரம் சுமார் 1 லட்சம் ஹெர்ட்ஸிலிருந்து 96 ஹெர்ட்ஸாகக் குறுகிவிட்டது. பழைய வானொலிப் பெட்டியில் திருகு ஒரே இடத்தில் இறுகிப்போய், நிலையம்தான் தன் அலைவரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது போன்ற நிலை. பூமி சுழல்வது, சூரியனைச் சுற்றுவது, கலம் விலகிப்போவது எல்லாவற்றாலும் அலைவரிசை நகரும். அதைக் கணக்கிட்டுத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே அனுப்ப வேண்டும். அதற்குமேல் ரிசீவரின் வெப்பநிலை கால் டிகிரி மாறினாலும் சாளரம் நகர்ந்துவிடும். ஆகவே கலத்தில் எந்தக் கருவியைப் போட்டாலும் அணைத்தாலும், ரிசீவர் எத்தனை டிகிரி மாறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். யுரேனஸ், நெப்டியூன் படங்கள் எல்லாமே இந்த ரிசீவரை வைத்து எடுத்தவை.

இதுவும் போனால்? அந்த நாள் வந்தாலும் கலம் தானாக வேலை செய்து தரவு அனுப்பும்படி ஒரு கட்டளைத் தொகுப்பு அதன் நினைவகத்தில் எப்போதும் தயாராக இருக்கிறது.

ஒரு தவறான கட்டளையால் விண்கலத்தையே இழக்க முடியுமா?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

முடியும். செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1-க்கு 1982 நவம்பரில், முதிர்ந்த பேட்டரியை நன்றாகச் சார்ஜ் செய்ய ஒரு திருத்தம் அனுப்பினார்கள். அது ஆன்டெனாவைத் திருப்பும் தகவல் இருந்த இடத்தின் மேலேயே எழுதப்பட்டது. ஆன்டெனா பூமியை விட்டுத் திரும்பியது. அதன்பின் தொடர்பே இல்லை.

வாயேஜர் 2-க்கும் 2023 ஜூலை 21 அன்று அப்படியொரு கட்டளை போயிற்று. ஆன்டெனா 2 டிகிரி விலகியது. ஆகஸ்ட் 2 அன்று, கான்பெராவின் 70 மீட்டர் ஆன்டெனாவிலிருந்து மிக உயர்ந்த திறனில் சரியான கட்டளையைக் கத்திச் சொன்னார்கள். பலித்ததா என்று தெரிய 37 மணிநேரம் ஆனது. பலித்தது. பலிக்காமல் போயிருந்தாலும் அக்டோபர் 15 வரை பொறுத்திருக்கலாம். ஆண்டில் சில முறை தன் திசையைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அதில் இருக்கிறது. வைக்கிங்கில் இல்லாத காப்பு இது.

கட்டளைக்குப் பதில் வர இரண்டு நாள் ஆகும்போது அவசரம் வந்தால் என்ன செய்வார்கள்?
– செவிலியர், மதுரை

அவசரத்தைக் கலமே பார்த்துக்கொள்ளும். பூமி அதன் பின்னால் ஓடிப்போய்க் காரணம் கண்டுபிடிக்கும். 2024 அக்டோபர் 16 அன்று வாயேஜர் 1-இல் ஒரு ஹீட்டரைப் போடச் சொன்னார்கள். கணக்குப்படி மின்சாரம் போதும். ஆனாலும் தற்காப்பு மென்பொருள் விழித்துக்கொண்டது. 18 அன்று சமிக்ஞை எதிர்பார்த்த வடிவில் இல்லை, 19 அன்று நின்றேவிட்டது. அதிகம் மின்சாரம் குடிக்கும் எக்ஸ்-பேண்ட் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, 1981-க்குப் பிறகு தொடாத எஸ்-பேண்ட் டிரான்ஸ்மிட்டருக்குக் கலம் மாறியிருக்க வேண்டும் என்று ஊகித்துத் தேடினார்கள். மிக மெலிந்த சமிக்ஞை கிடைத்தது. உடனே எக்ஸ்-பேண்டை மறுபடி போட்டுவிடவில்லை; ஏன் விழித்தது என்று புரியும்வரை காத்திருந்து, நவம்பரில்தான் திரும்பினார்கள். பொறுமையாக இருந்தது சரி.

மங்கள்யான் எட்டு ஆண்டில் நின்றது. வாயேஜர் மட்டும் எப்படி?
– பள்ளி மாணவன், தர்மபுரி

மங்கள்யான் ஆறு மாதத்துக்கென்று செய்யப்பட்டது. 2014 செப்டம்பர் 24 முதல் செவ்வாயைச் சுற்றியது. அதற்குச் சூரியத் தகடும் பேட்டரியும்தான் உயிர். 1 மணி 40 நிமிட நிழலைத் தாங்கும் பேட்டரிக்கு, 2022 ஏப்ரலில் ஏழரை மணிநேர கிரகணம் வந்தது. எரிபொருளும் தீர்ந்திருக்க வேண்டும் என்று இஸ்ரோ தெரிவித்தது. வாயேஜருக்கு நிழல் என்ற தொல்லையே இல்லை. அதன் சூடு உள்ளே இருக்கிறது.

ஹபிள் தொலைநோக்கியின் கைரோ ஏன் அடிக்கடி கெடுகிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

கைரோ என்பது தொலைநோக்கி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி. அதற்குள் ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 19,200 சுற்றுச் சுற்றுகிறது. அது ஒரு கெட்டியான திரவத்தில் மிதக்கும் உருளைக்குள் இருக்கிறது. உருளைக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகள் முடியைப் போல மெல்லியவை. திரவத்தை உள்ளே தள்ள முன்பு அழுத்தக் காற்றைப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்த ஆக்சிஜன் அந்தக் கம்பிகளை அரித்தது. பிறகு நைட்ரஜனுக்கு மாறினார்கள். 2009-இல் விண்வெளி வீரர்கள் போய் ஆறு புதிய கைரோக்களைப் பொருத்தினார்கள். 2024 ஜூனிலிருந்து ஒன்றை மட்டும் ஓட்டி, இன்னொன்றைக் கையிருப்பாக வைத்திருக்கிறார்கள். விண்மீன் உணரிகளும் காந்தமானியும் கைகொடுக்கின்றன. ஓர் இலக்கிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்ப நேரம் கூடுகிறது. செவ்வாயின் பாதைக்கு உள்ளே இருக்கும் பொருள்களைப் பின்தொடர முடியாது. தொலைதூர விண்மீன் திரள்களுக்கு இது பெரிய இழப்பில்லை.

வாயேஜரோடு பேசுவதை நாங்கள் பார்க்க வழி உண்டா?
– அறிவியல் மன்றம், புதுச்சேரி

உண்டு. நாசாவின் ஆழ்விண்வெளி வலையமைப்பு, தன் ஆன்டெனாக்கள் இந்த நொடியில் எந்தக் கலத்தோடு பேசுகின்றன என்பதை 'டிஎஸ்என் நவ்' என்ற இணையப் பக்கத்தில் காட்டுகிறது. விஜிஆர்1, விஜிஆர்2 என்ற குறிகளைத் தேடுங்கள். வாயேஜர் 2 தெற்கு வானில் போவதால் கலிஃபோர்னியா, மாட்ரிட் ஆன்டெனாக்களுக்குத் தெரியாது. அது கான்பெராவில்தான் தெரியும். அதற்குக் கட்டளை அனுப்பத் தகுந்த ஆன்டெனா அங்குள்ள 43 எண் கொண்டது ஒன்றே. குறியைச் சொடுக்கினால் தொலைவு, சமிக்ஞை போய்வரும் நேரம், தரவு வேகம் மூன்றும் வரும். வேகம் பெரும்பாலும் நொடிக்கு 160 பிட் என்று இருக்கும். மேல்நோக்கிய அலைக்கோடு தெரிந்தால் கட்டளை போகிறது என்று பொருள். கீழ்நோக்கியது மட்டும் என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாளில் பல நேரங்களில் திறந்து பார்த்துக் குறித்து வைத்தால், எந்த நேரத்தில் எந்தக் கலம் எந்த நிலையத்துக்கு மேலே வருகிறது என்ற அட்டவணையை மாணவர்களே தயாரித்துவிடலாம்.